ஓட்டுத் தையல்

ஜனவரி 14

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு ஞாயிறாக அண்ணன் போனை உங்கள் பக்கம் நீட்டுவதும், அடுத்த நொடி சமையலறைக் குழாய் திறக்கும் சத்தம் கேட்பதுமாக இருக்கிறது. நம் வீட்டில் அவ்வளவு பாத்திரம் எப்போது வந்தது? அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தின் மேல் தண்ணீரைத் திறந்துவிட உங்களுக்கு மனசு வராது என்ற ஒரே தைரியம்.

வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. மூன்றாவது மாடியில் ஓர் அறை. ரொட்டிக் கடையில் வேலை பார்க்கும் ஒருத்தியோடு பங்கு போட்டிருக்கிறேன். அவள் பெயர் என் வாயில் நுழையவில்லை, என் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. நான் அவளை ரொட்டிக்காரி என்கிறேன். நீங்கள் எனக்கு வைத்த ‘கத்தரி’ என்ற பட்டப்பெயரை இரண்டு விரலால் வெட்டிக் காட்டினேன். அவள் அதையே பிடித்துக்கொண்டாள். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் தூரத்திலிருந்தே விரலை ஆட்டுகிறாள்.

இங்கே கதவு தானாகவே பூட்டிக்கொள்கிறது. மூன்றாம் நாள் குப்பை போடக் கீழே இறங்கினேன். சாவி உள்ளே, நான் வெளியே, அதுவும் நைட்டியில். ரொட்டிக்காரி வர நாலு மணி நேரம் ஆனது. கீழ்வீட்டு மனுஷர் ஒரு நாற்காலியும் போர்வையும் கொண்டுவந்து மாடிப்படியில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் போனார். காய்கறிக் கடையில் நாமேதான் எடை போட்டு, விலைச் சீட்டை எடுத்து ஒட்ட வேண்டுமாம். எனக்கு என்ன தெரியும்? நாலு வெங்காயத்தைச் சீட்டில்லாமல் கொண்டுபோய் நீட்டினேன். பின்னால் பதினைந்து பேர். யாரும் திட்டவில்லை, பெருமூச்சு மட்டும் விட்டார்கள். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசி மனசு ஆறியிருப்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் மறைத்து ஒன்று செய்தேன், அது உங்களுக்குத் தெரியும். மறைத்து இன்னொன்றும் செய்திருக்கிறேன். இந்த ஆல்ட்டரேஷன் கடை முதலாளியம்மா என் வேலைக்கு ஒரு மாதிரி கேட்டபோது, நம் கடையின் சாம்பல் நிறக் கோட்டை அனுப்பினேன். ‘இதை வெட்டியது நான்’ என்று எழுதினேன். ‘தைத்தது என் அண்ணி’ என்ற வரியை எழுதவில்லை.

பதினொரு வருடம் நம் வீட்டு முன்னறையில் நான் வெட்டினேன், நீங்கள் தைத்தீர்கள். எனக்கு நேர்த் தையல் வரும். காலர், கழுத்து, கை எல்லாவற்றையும் உங்கள் மிஷின் பக்கம் தள்ளிவிட்டே பழகிவிட்டேன். இங்கே தள்ளிவிட ஆளில்லை. இப்போதைக்குப் பேண்ட் உயரம் குறைப்பது, அளவு எடுப்பது என்று ஓடுகிறது. மூன்று மாதம் சோதனைக் காலம். ஏப்ரல் ஐந்தாம் தேதி ஒரு கோட்டைக் கொடுத்து, கை இரண்டையும் பிரித்துத் தன் கண் முன்னால் மறுபடி வைக்கச் சொல்வாராம். சரியாக வந்தால் இரண்டு வருட வேலை. வராவிட்டால் வந்த வழியே ஊர்.

கோட்டுக்குக் கை வைப்பது எப்படி என்று எழுதுங்கள், அண்ணி. கோபத்தை ஒரு ஓரமாக மடித்து வைத்துவிட்டு இதை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கத்தரி


ஜனவரி 26

கத்தரிக்கு,

கடிதம் வந்தது. உன் அண்ணன் சத்தம் போட்டுப் படித்தார். வெங்காயத்தில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நீ போகப்போவது எனக்கு எப்படித் தெரிந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? டிக்கெட் வந்த உறையை கரண்ட் பில் என்று நினைத்து நான் பிரித்தேன். பதினொரு வருடம் ஒரே விளக்கின் கீழே உட்கார்ந்திருந்தோம். உனக்குத் தலைவலி வருவது உனக்கு முன்னால் எனக்குத் தெரியும். ஆனால் நீ நாடு விட்டுப் போவதை ஓர் உறை வந்து சொல்ல வேண்டியிருந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. அறுபது சீருடைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறோம். ‘றோம்’ என்றுதான் எழுத வருகிறது, பழக்கதோஷம். துணி வந்து மலை மாதிரி கிடக்கிறது. இந்த வீட்டில் ஒரு பேப்பர் கட்டிங் உண்டா? ஊரில் உள்ள டெய்லர் எல்லாம் பேப்பரில் வரைந்து, அதைத் துணிமேல் வைத்து வெட்டுவார்கள். நீ மகாராணி. ஆளை ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பாய், நேரே துணியில் சாக்பீஸால் கோடு இழுப்பாய். அளவெல்லாம் உன் தலைக்குள். தலையை எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டாய். நேற்று துணியை விரித்து, கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். பிறகு மடித்து வைத்துவிட்டேன்.

கை வைப்பது எப்படி என்று கேட்கிறாய். சாமர்த்தியமாக ஒரு கோட்டை அனுப்பினாயே, அந்தக் கோட்டையே கேள்.

அங்கே குளிர் அதிகம் என்றார் உன் அண்ணன். என்ன போட்டுக்கொள்கிறாய்?

இப்படிக்கு,
உன் அண்ணன் மனைவி


பிப்ரவரி 6

அன்புள்ள என் அண்ணன் மனைவிக்கு,

குளிருக்கு ஒரு பழைய ஆம்பளைக் கோட் வாங்கினேன். உடம்பைப் பிரித்து எனக்கு அளவாக வெட்டி, பக்கத் தையலும் போட்டுவிட்டேன். கை மட்டும் முழங்கால் வரை தொங்குகிறது. அதில் கை வைக்கத்தான் ஆளில்லையே. இரண்டு மடிப்பு மடித்து விட்டுக்கொண்டு திரிகிறேன்.

இந்த உறை தடியாக இருப்பதற்கு என் வாய் மட்டும் காரணம் இல்லை. இருபத்தாறு, இருபத்தெட்டு அளவுச் சட்டைக்குப் பேப்பர் கட்டிங் வைத்திருக்கிறேன். பேப்பரில் வரைவது எனக்கு இதுதான் முதல் தடவை. தரையில் விரித்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு காற்றில் வெட்டுவேன், கை எங்கே வளைகிறது என்று பார்ப்பேன், அதை அளந்து எழுதுவேன். எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று ரொட்டிக்காரி நினைத்தாள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முப்பத்தாறு வயதில் எனக்கென்று ஒரு சாவி கிடையாது, அண்ணி. நம் வீட்டில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் உங்களிடம் ‘இவளுக்கு இன்னும் அமையலையா?’ என்று கேட்பார்கள், நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன், யாரோ இல்லாத ஆளைப் பற்றிப் பேசுவதுபோல. தையல்காரி என்றும் சொல்ல முடியாது, பாதித் தையல்காரி. நான் முழுதாக ஒன்றாவது ஆகிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. உங்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் ‘போகாதே’ என்று சொல்லியிருப்பீர்கள். நீங்கள் சொன்னால் நான் போயிருக்க மாட்டேன். அதுதான் பயம். வேறொன்றும் இல்லை.

சரி, ஒரு கூத்தைக் கேளுங்கள். போன சனிக்கிழமை ரொட்டிக்காரி என்னை ஆடும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் மலை மாதிரி ஒரு காவலாளி. என் பையைத் திறந்தால் ஊசி டப்பா, நூல்கண்டு, சின்னக் கத்தரிக்கோல். ஆடப் போகிறவள் எதற்கு இதையெல்லாம் எடுத்துப் போக வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள், அவரும் அதைத்தான் கேட்டார். கத்தரியை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் கொடுத்தார். ஊசியை விட்டுவிட்டார்.

உள்ளே சத்தம் நெஞ்சுக்குள் இடிக்கிறது. எல்லோரும் ஆடுகிறார்கள். எனக்கு ஆட்டமா வரும்? யார் இடுப்பு எத்தனை அங்குலம், யார் சட்டை தோளில் இறுக்கம் என்று பார்த்துக்கொண்டே ஓரமாக நின்றேன். முகம் கழுவப் போன இடத்தில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். கவுன் ஜிப் முதுகில் மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. நான் ஊசியைக் காட்டினேன். அவளை அந்தக் கவுனுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டேன், அண்ணி! நேர்த் தையல்தானே, அது எனக்கு வரும். வீட்டுக்குப் போய் யாராவது பிரித்தால்தான் அவள் வெளியே வர முடியும். கத்தரி வாசலில் இருந்ததால் நூலைப் பல்லால் கடித்தேன். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் நாலு பேர் வரிசை. ஒருத்திக்குப் பட்டன், ஒருத்திக்குத் தோள்பட்டி. கிளம்பும்போது எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் இந்த ஊரில் யாருக்கோ நான் தேவைப்பட்டேன்.

கை வைப்பது எப்படி? மறுபடியும் கேட்கிறேன். எனக்கு ரோஷம் கிடையாது.

கத்தரி


பிப்ரவரி 17

கத்தரிக்கு,

பேப்பர் வந்தது. இருபத்தெட்டை வைத்து இரண்டு சட்டை வெட்டினேன். தைக்க உட்கார்ந்தால் காஜா எடுக்கும் பக்கம் இருக்கிறது, பொத்தான் தைக்கும் பக்கத்தைக் காணோம். முன்பக்கத் துண்டு நாலையும் ஒரே பக்கமாக வெட்டியிருக்கிறேன். பேப்பரைத் திருப்பிப் போட வேண்டும் என்று ஒரு வரி எழுதக் கூடாதா? உனக்கு அது மூச்சு விடுவது மாதிரி, அதனால் எழுதத் தோன்றவில்லை. உன் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, “ரெண்டையும் சேத்தா ஒரே பையனுக்கு ரெண்டு இடது பக்கம்” என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு அவருக்கு ராத்திரிச் சாப்பாடு எட்டரைக்குப் பதில் பத்து மணிக்குத்தான் கிடைத்தது.

ஆட்டம் ஆடும் இடத்துக்குப் போனதைப் படித்து அவர் முகம் சுருங்கியது. “அங்கெல்லாம் எதுக்குப் போறா?” என்றார். “தைக்கப் போயிருக்கா, கேட்டீங்கல்ல?” என்றேன். உனக்காகப் பரிந்து பேசினேன் என்று நினைக்காதே. அவர் பேசினால் எனக்கு எரிச்சல் வருகிறது, அவ்வளவுதான்.

‘போகாதே’ என்று நான் சொல்லியிருப்பேன் என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். சொல்லியிருப்பேன்தான். ஆனால் அதைச் சொல்லவாவது எனக்கு ஒரு வாய்ப்பு கொடுத்திருக்க வேண்டும்.

கை வைப்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கையின் மேல்வளைவு நடுவில் ஓர் அடையாளம் வை, அதைத் தோள் தையலோடு சேர்த்துக் குண்டூசி குத்து. கையின் அடித் தையலைப் பக்கத் தையலோடு சேர்த்துக் குத்து. இடையில் அங்கங்கே குத்திக்கொள். அக்குளில் ஆரம்பித்து ஒரு சுற்று வந்து, ஆரம்பித்த இடத்திலேயே முடி. அவசரப்படாதே.

மற்ற அளவுப் பேப்பர்களையும் அனுப்பு.

உன் அண்ணன் மனைவி


பிப்ரவரி 28

அண்ணிக்கு,

நீங்கள் எழுதினீர்களே, அந்த வரிகளை நாலு தடவை எழுதிப் பார்த்தேன், மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் கை என் பேச்சைக் கேட்கவில்லை.

அந்த வாசல் காவலாளியைச் சொன்னேன் அல்லவா? இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கத்தரிக்கோலை அவரே பத்திரமாக உள்ளே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார். யாரோ இரண்டு பேர் சண்டையை விலக்கப் போய் அவர் கோட்டின் இடது கை தோளோடு கிழிந்துவிட்டது. “தைச்சுக் குடுப்பியா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இதைவிட நல்ல பயிற்சி கிடைக்குமா என்று கடைக்குக் கொண்டுபோனேன். நீங்கள் சொன்ன மாதிரியே குண்டூசி குத்தி, அக்குளில் ஆரம்பித்து, அவசரப்படாமல் ஒரு சுற்று வந்தேன். தோளில் எங்கே பார்த்தாலும் மடிப்பு. பிரித்தேன், வைத்தேன். மறுபடி மடிப்பு. ஐந்து தடவை. துணியே நைந்துவிடும் போலிருந்தது. முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். “நீ அனுப்பின கோட்டுல இப்படி இல்லையே” என்றார். ஊசி விழுந்ததுபோலக் குனிந்து தேடினேன். “ஏப்ரல்லயும் இப்படித்தான்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

காவலாளி அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டார். “நல்லா இருக்கு” என்று வேறு சொன்னார். மூட்டையைக் கட்டியதுபோலத் தோளை வைத்துக்கொண்டு அந்த மனுஷர் வாசலில் நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

உங்கள் பாடத்தில் குறையில்லை. என் கை அதற்கு லாயக்கில்லை. பதினொரு வருடமாக நான் தைக்காமல் இருந்ததற்குக் காரணம் நீங்கள் பக்கத்தில் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை போலிருக்கிறது. எனக்கு வராது, அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மற்றதெல்லாம் வந்துவிட்டது. தபால் நிலையத்தில் போனதும் எண் சீட்டு எடுத்துக்கொண்டு உட்காருகிறேன். துணி துவைக்கும் கடையில் எந்த மிஷின் தண்ணீர் ஒழுகும் என்று எனக்குத் தெரியும். நேற்று காய்கறிக் கடையில் ஒரு பெரியவர் சீட்டு ஒட்டத் தெரியாமல் திருதிருவென்று முழித்தார், நான் ஒட்டிக் கொடுத்தேன். இந்த ஊரை விட்டுப் போக வேண்டியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். எனக்கு இங்கே பிடித்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

முப்பது அளவுப் பேப்பர் வைத்திருக்கிறேன். திருப்பிப் போட வேண்டிய துண்டுகளில் சிவப்புப் பேனாவால் எழுதியிருக்கிறேன். நான் திரும்பி வந்தால் மிச்சத்தை நேரே வெட்டித் தருகிறேன். உங்களுக்குச் சந்தோஷம்தானே?

கத்தரி


மார்ச் 10

கத்தரிக்கு,

இதை உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவர் படிக்க வேண்டாம்.

உன் கையில் ஒரு குறையும் இல்லை. நான் ஒரு வரியை எழுதவில்லை.

மறந்துபோய் விடவில்லை. முதலில் எழுதிய தாளில் அந்த வரி இருந்தது. படித்துப் பார்த்தேன். இதைத் தெரிந்துகொண்டால் நீ தேறிவிடுவாய், தேறினால் வரமாட்டாய். தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, அந்த வரி இல்லாமல் புதிதாக எழுதினேன். நீ தோற்றுப்போய் வருவாய், நான் பெரிய மனசோடு சமாதானம் சொல்வேன், மறுநாள் காலையில் நீ சாக்பீஸைக் கையில் எடுப்பாய் என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தேன். அப்படிப்பட்டவள் நான்.

‘எனக்கு வராது’ என்று நீ எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. நீ என்மேல் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நீ உன்னையே திட்டிக்கொள்வாய் என்று நான் நினைக்கவே இல்லை.

விட்டுப்போன வரி இது. கோட்டுக் கையின் மேல்வளைவு எப்போதும் அது போய்ச் சேரும் கைக்குழியைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் கூடுதலாக இருக்கும். நீதான் அப்படி வெட்டுவாய். அந்தக் கூடுதலை நான் எங்கே ஒளிக்கிறேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. மிஷினில் தையலை இருப்பதிலேயே பெரிதாக வைத்துக்கொள். மேல்வளைவில் மட்டும், ஓரத்தை ஒட்டி, இரண்டு வரி ஓட்டுத் தையல் ஓட்டு. முனையில் முடிச்சுப் போடாதே. அடி நூலைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழு. மடிப்பு விழக் கூடாது, துணி லேசாகக் குவிய வேண்டும், ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி. அதன்மேல் இஸ்திரிப் பெட்டியின் ஆவியைக் காட்டு, கூடுதல் துணி அடங்கிவிடும். அதன் பிறகுதான் குண்டூசி, அதன் பிறகுதான் நான் எழுதிய மற்றதெல்லாம். எல்லாம் முடிந்ததும் ஓட்டுத் தையலை உருவி எறிந்துவிடு. அது இருந்ததே வெளியே யாருக்கும் தெரியாது.

பத்தொன்பது சட்டை முடிந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் வலது பக்கம் இடது பக்கம் இருக்கிறது.

மன்னிப்பு கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்டதாக வைத்துக்கொள்.

அண்ணி


மார்ச் 20

அண்ணிக்கு,

கிடைத்தது. படித்தேன்.

மூன்று வாரமாக என் கையைப் பார்த்துப் பார்த்து வெறுத்துக்கொண்டிருந்தேன். ரொட்டிக்காரியிடம் பெட்டி கட்ட அட்டைப்பெட்டிகூடக் கேட்டு வைத்துவிட்டேன்.

இப்போது வேறொன்றும் எழுத முடியாது. எழுதினால் நானே பிறகு வருத்தப்படுவேன்.

முப்பத்திரண்டு, முப்பத்து நாலு அளவுப் பேப்பர்கள் இதோடு இருக்கின்றன. நமக்குள் நடப்பதற்காகப் பள்ளிப் பிள்ளைகள் சட்டையில்லாமல் நிற்கக் கூடாது.

கத்தரி


மார்ச் 29

கத்தரிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. உன் அண்ணன் குளித்துக்கொண்டிருந்தார். நான் எடுத்தேன். “அலோ” என்றேன். நீ பேசவில்லை. உன் பக்கம் ஏதோ வண்டி போகும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். பிறகு நீ வைத்துவிட்டாய். தப்பில்லை. நானும் மூன்று மாதம் குழாயைத் திறந்தவள்தானே.

இந்தப் பொட்டலத்தை அவசரத் தபாலில் அனுப்புகிறேன். நாலு நாளில் போய்ச் சேரும் என்று தபால் நிலையத்தில் சத்தியம் செய்யாத குறை. உள்ளே ஒரு சின்னக் கோட் இருக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆகும். யாருக்கும் இல்லை, உனக்குத்தான். எழுத்தில் சொல்லி ஒரு தடவை உன்னை ஏமாற்றிவிட்டேன். இனி என் எழுத்தை நம்பு என்று எந்த முகத்தோடு சொல்வேன்? அதனால் தைத்தே அனுப்புகிறேன். வலது கையை நானே வைத்துத் தைத்திருக்கிறேன். ஓட்டுத் தையலை உருவாமல் சிவப்பு நூலில் அப்படியே விட்டிருக்கிறேன். எங்கே ஆரம்பிக்கிறது, எவ்வளவு இழுத்திருக்கிறேன், எங்கே விட்டிருக்கிறேன் என்று உள்ளே திருப்பி விரலால் தடவிப் பார். இடது கை தனியாக இருக்கிறது. அதை நீ வை.

கோட் துணி கையில் இல்லை. உன் அண்ணனின் சாம்பல் பேண்ட்டை எடுத்தேன். பேப்பர் இல்லை, அளவு இல்லை, நேரே துணியில் சாக்பீஸ் வைத்தேன். நீ எப்படி நிற்பாய் என்று நினைத்துப் பார்த்து, அதே மாதிரி இடுப்பை ஒடித்துக்கொண்டு நின்றேன். வந்துவிட்டது. அவர் மூன்று நாளாகப் பேண்ட்டைத் தேடுகிறார். நானும் கூடச் சேர்ந்து தேடுகிறேன்.

நீ தேற வேண்டும். இதை வேண்டா வெறுப்பாகச் சொல்லவில்லை. நீ இங்கே பாதியாக உட்கார்ந்திருந்ததைப் பக்கத்திலிருந்தும் நான் பார்க்கவில்லை. வருகிறவர்கள் கேட்டபோதெல்லாம் நானும் பெருமூச்சுதானே விட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

தேறிவிட்டேன் என்று மட்டும் அண்ணனிடம் சொன்னேன். மிச்சத்தை உங்களுக்கென்று வைத்திருந்தேன்.

பொட்டலம் இரண்டாம் தேதி வந்தது. பிரித்ததும் அந்தச் சாம்பல் துணி யாருடையது என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அதற்குச் சிரித்தேன். பிறகு கையை உள்ளே விட்டுச் சிவப்பு நூலைத் தடவினேன். அங்கேதான் அழுதேன். மூன்று ராத்திரி அந்தக் குட்டிக் கையை வைத்துப் பிரித்து, வைத்துப் பிரித்து, நாலாவது தடவை அது தானாகப் போய் உட்கார்ந்தது. ரொட்டிக்காரியை எழுப்பிக் காட்டினேன். அவள் விரலை வெட்டிக் காட்டாமல், ஊசி ஓட்டுவதுபோல ஆட்டிக் காட்டினாள்.

ஐந்தாம் தேதி முதலாளியம்மா ஒரு புதுக் கோட்டை எடுத்தார். நான் காவலாளியின் கோட்டில் செய்கிறேன் என்றேன். முதல் நாளே அவரிடம் வாங்கி வைத்திருந்தேன். இரண்டு கையையும் பிரித்தேன். ஓட்டுத் தையல், இழுப்பு, ஆவி, குண்டூசி, ஒரு சுற்று. முதலாளியம்மா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முடித்ததும் தோளில் விரலை வைத்து மெதுவாக ஓட்டினார்.

“போன தடவை ஏன் வரல?” என்றார்.

இதற்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே ஒரு பொய்யால் பட்டது போதும் என்று தோன்றியது. “நான் அனுப்பின கோட்டை வெட்டினதுதான் நான். தைச்சது எங்க அண்ணி” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில். நீங்கள் விட்ட வரியைத் தவிர. அது நம் வீட்டு விஷயம்.

அவர் கோட்டை மடித்து மேஜைமேல் வைத்தார். பிறகு, “அப்போ நான் தப்பான ஆளைக் கூப்பிட்டுட்டேன்” என்றார். அட்டைப்பெட்டி ஞாபகம் வந்தது. “உங்க அண்ணி வருவாங்களா?” என்று வேறு கேட்டார். “வரமாட்டாங்க, அறுபது சட்டை இருக்கு” என்றேன். அதற்குத்தான் சிரித்தார். “வெட்டினது நிஜமாவே நீதானே?” “ஆமா.” “இப்போ தைச்சதும் நீதான், நான் பாத்தேன். இனிமே எதுவா இருந்தாலும் எங்கிட்ட நேரா சொல்லிடு” என்று சொல்லிவிட்டு, இரண்டு வருடத்துக்கான தாளை எடுத்து வைத்தார். கையெழுத்துப் போட்டேன்.

நேற்று ராத்திரி காவலாளி அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். தோள் கத்தி மாதிரி இருந்தது. உள்ளே ஒரு பாட்டுக்கு நானும் ஆடினேன், அண்ணி. ரொட்டிக்காரி கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். நீங்கள் பார்த்திருந்தால் ஒரு வாரம் கிண்டல் செய்திருப்பீர்கள்.

உங்கள்மேல் பத்து நாள் கோபம் இருந்தது, நிஜமான கோபம். பிறகு யோசித்தேன். முதலாளியம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் நான் ஒரு வரியை விட்டேன். எனக்கு எழுதிய கடிதத்தில் நீங்கள் ஒரு வரியை விட்டீர்கள். சரியாகப் போயிற்று.

குட்டிக் கோட்டைத் திருப்பி அனுப்புகிறேன். சிவப்பு நூலை இரண்டு கையிலிருந்தும் உருவிவிட்டேன். டிசம்பரில் ஒரு மாதம் லீவு உண்டு. என் சாவியைக் கொண்டுவந்து காட்டுகிறேன்.

உங்கள்
கத்தரி


ஏப்ரல் 17

அன்புள்ள கத்தரிக்கு,

கோட் வந்தது. மேஜைமேல் விரித்து வைத்து, உன் அண்ணனைக் கூப்பிட்டேன். “இதுல ஒரு கை நான் வச்சது, ஒரு கை உங்க தங்கச்சி வச்சது. எது யாரோடதுன்னு சொல்லுங்க பாப்போம்” என்றேன். முதலில் அவருக்குத் தன் பேண்ட்டின் முடிவு தெரிந்தது. அந்தச் சண்டை கால் மணி நேரம். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்து, இடது கையைத் தொட்டு, “இதுதான் உன்னோடது, இதுலதான் ஒரு பிசிறு இல்ல” என்றார்.

அது நீ வைத்த கை. உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நாற்பத்தேழு சட்டை முடிந்திருக்கிறது. கடைசிப் பதினைந்தைப் பேப்பர் வைக்காமல் வெட்டினேன். ஒன்றில் மட்டும் கழுத்து கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. தலை பெரிய பிள்ளையாகப் பார்த்துக் கொடுத்துவிடலாம். நேற்று உன்னைப் பற்றிக் கேட்டார்கள், வழக்கமாகக் கேட்கிறவர்கள்தான். “அவளுக்கு அமைஞ்சாச்சு” என்றேன். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்றார்கள். “மாப்பிள்ளை இல்ல, வேலை” என்று சொல்லிவிட்டு மிஷினை மிதித்தேன்.

ஆடினாய் என்று எழுதியிருக்கிறாய். எப்படி ஆடினாய் என்று எழுதவில்லை. அதை நான் உன் வாயால் கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. பாத்திரத்தையெல்லாம் சனிக்கிழமையே தேய்த்து வைத்துவிடுகிறேன்.

உன்
அண்ணி